‘மே’ என்றால் ‘லாம்’... ‘ஷல்’ என்றால் ‘வேண்டும்’! ஒரு குட்டி ஆங்கிலச் சொல் படுத்திய பாடு

சென்னையிலிருந்து தெற்கே காரில் கிளம்பும் குடும்பங்களுக்கு விக்கிரவாண்டி என்றதும் நினைவுக்கு வருவது சுங்கச்சாவடிதான். பொங்கல், தீபாவளி சமயத்தில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஊருக்குப் போகும் ஆசையே பாதி போய்விடும். அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஃபாஸ்டேக் இல்லாமல் அதற்கான பாதையில் நுழையும் வாகனம் இரு மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதி சொல்கிறது. 2025 நவம்பர் 15 முதல், ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கு, யுபிஐ வழியாகக் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த விதியின் வினைச்சொல் ‘ஷல் பே’. அதாவது, ‘செலுத்த வேண்டும்’.

அந்த இடத்தில் ‘ஷல்’ என்பதற்குப் பதிலாக ‘மே’ என்று எழுதியிருந்தால்? ‘மே பே’, அதாவது ‘செலுத்தலாம்’. செலுத்தலாம் என்றால் யார் செலுத்துவார்கள்? “பரவாயில்லை சார், வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்!

மூன்றெழுத்து ‘மே’, ஐந்தெழுத்து ‘ஷல்’. ஆங்கிலத்தில் இவை இரண்டும் துணைவினைகள். தனியாக நின்றால் பொருள் முழுமை பெறாது, இன்னொரு வினையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆனால், தமிழ்நாட்டின் வரலாற்றையே இந்த இரண்டு சொற்கள் ஒருமுறை புரட்டிப் போட்டிருக்கின்றன. இன்றைக்கு நம் வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும், வேலை உத்தரவிலும், இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் இதே இரண்டு சொற்கள்தான் நம் பணத்தை முடிவு செய்கின்றன.

முதலில் அன்றாடப் பேச்சில் இவை எப்படி வருகின்றன என்று பார்ப்போம்.

‘மே’க்கு மூன்று முகம்

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் முதலில் கற்றுக்கொண்ட ஆங்கில வாக்கியங்களில் ஒன்று, “மே ஐ கம் இன், மிஸ்?” வகுப்பு வாசலில் நின்று அனுமதி கேட்பது. இது முதல் முகம்: அனுமதி. “யூ மே கோ நவ்” என்றால் “நீ இப்போது போகலாம்”.

இரண்டாவது முகம், நடக்கக்கூடும் என்ற ஊகம். “இட் மே ரெயின் டுடே” என்றால் “இன்று மழை பெய்யலாம்”. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சளி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து, அட்டையில் ‘மே காஸ் ட்ரவுஸினஸ்’ என்று இருந்தால், ‘தூக்கம் வரலாம்’ என்று பொருள். எல்லோருக்கும் வரும் என்று அது சொல்லவில்லை, சிலருக்கு வரலாம், எனவே வண்டி ஓட்டும்போது கவனம் என்று சொல்கிறது.

மூன்றாவது முகம், வாழ்த்து. “மே யூ லிவ் லாங்” என்றால் “நீடூழி வாழ்க”. “மே காட் ப்ளெஸ் யூ” என்றால் “கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்”. தமிழ் இலக்கணத்தில் இதை வியங்கோள் வினை என்று படித்திருப்போம். இந்த இடத்தில் மட்டும் ‘மே’ வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். ‘மேபி’ என்று சேர்த்து எழுதினால் ‘ஒருவேளை’. ‘மே பி’ என்று பிரித்து எழுதினால் ‘இருக்கலாம்’. “மேபி ஹி இஸ் அட் ஹோம்”, “ஹி மே பி அட் ஹோம்” என்று இரண்டு விதமாகவும் சொல்லலாம். பொருள் ஒன்றுதான், வாக்கிய அமைப்பு வேறு. வாட்ஸ்அப்பில் பலர் இதைக் கலந்துகட்டி எழுதுவதைப் பார்க்கலாம்.

‘ஷல்’லுக்கு இரண்டு முகம்

பேச்சில் ‘ஷல்’ ரொம்ப சாது. “ஷல் வி கோ?” என்றால் “போகலாமா?” “ஷல் ஐ மேக் காபி?” என்றால் “காபி போடட்டுமா?” எதிரில் இருப்பவரின் விருப்பத்தைக் கேட்கும் பணிவான சொல்.

இங்கே தமிழின் நுட்பத்தைக் கவனியுங்கள். “உள்ளே வரலாமா?” என்பது அனுமதி கேட்பது, எனவே ‘மே ஐ’. “நான் வரட்டுமா?” என்பது யோசனை கேட்பது, எனவே ‘ஷல் ஐ’. ஆங்கிலத்தில் எதைப் போடுவது என்று குழப்பம் வந்தால், மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘லாமா’ என்று அனுமதி கேட்டால் ‘மே’, ‘ட்டுமா’ என்று வந்தால் ‘ஷல்’. பெரும்பாலான இடங்களில் இந்தச் சூத்திரம் கைகொடுக்கும்.

ஆனால் அதே ‘ஷல்’ சட்டப் புத்தகத்துக்குள் போனதும் ஆளே மாறிவிடும். அங்கே அது கட்டளை. ‘த டெனன்ட் ஷல் பே த ரென்ட்’ என்றால் ‘வாடகைதாரர் வாடகையைச் செலுத்த வேண்டும்’. விருப்பம் கேட்கும் பேச்சே இல்லை.

‘மே நாட்’ என்னும் வில்லங்கம்

இப்போது கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

‘வரலாம்’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ‘வரக் கூடாது’ என்று ஒரு பிள்ளை சொல்லும். ‘வராமலும் இருக்கலாம்’ என்று இன்னொரு பிள்ளை சொல்லும். இரண்டும் சரிதான். அனுமதிக்கு எதிர்ச்சொல் ‘கூடாது’. ஊகத்துக்கு எதிர்ச்சொல் ‘இல்லாமலும் போகலாம்’. தமிழில் இவை இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான்: ‘மே நாட்’. “யூ மே நாட் என்டர்” என்றால் “நீங்கள் நுழையக் கூடாது”. “ஹி மே நாட் கம்” என்றால் “அவர் வராமலும் போகலாம்”.

‘மே’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும், அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு ‘மே நாட்’ ஒளிந்துகொண்டிருக்கிறது. ‘தரலாம்’ என்பதற்குள் ‘தராமலும் இருக்கலாம்’ என்பது அடங்கியிருக்கிறது. இதை நாடாளுமன்றத்திலேயே எடுத்துச் சொன்னவர் அறிஞர் அண்ணா.

மே மாதத்தில் ஒரு ‘மே’ விவாதம்

அண்ணாவின் ஆங்கிலப் புலமை பற்றிப் பேச்சு வந்தால், ‘பிகாஸ்’ என்ற சொல்லை மூன்று முறை அடுத்தடுத்து வைத்து அவர் வாக்கியம் சொன்னதாக ஒரு கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதை தெரிந்த அளவுக்கு, ‘மே’ பற்றி அவர் நடத்திய வாதம் இன்றைய இளைஞர்களுக்குத் தெரிவதில்லை.

பின்னணி இதுதான். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 343-வது பிரிவு, தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றது. ஆனால், 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட வேண்டும் என்றது. அந்த இடத்தில் இருந்த சொல் ‘ஷல் கன்டின்யூ’. 15 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆங்கிலம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்றது. அங்கே இருந்த சொல் ‘மே’.

அந்த 15 ஆண்டு கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிய இருந்தது. அதன் பிறகு என்ன ஆகும் என்ற கவலை தென்னகத்தில் பரவியது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று 1959 ஆகஸ்டில் பிரதமர் நேரு மக்களவையில் வாக்குறுதி கொடுத்தார். அந்த வாக்குறுதியைச் சட்டமாக்குவதற்காக வந்ததுதான் 1963-ன் ஆட்சிமொழிகள் மசோதா. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ஏப்ரல் 13 அன்று அதை மக்களவையில் கொண்டுவந்தார்.

மசோதாவின் மூன்றாவது பிரிவைப் படித்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. கெடு முடிந்த பிறகும் இந்தியோடு ஆங்கிலமும் ‘மே கன்டின்யூ டு பி யூஸ்ட்’ என்று இருந்தது. அதாவது, ‘தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்’. அரசமைப்புச் சட்டத்தில் ‘வேண்டும்’ என்று இருந்தது, இங்கே ‘லாம்’ ஆகிவிட்டது.

அண்ணா அப்போது மாநிலங்களவை உறுப்பினர். மே மாதத்தில் மசோதா அந்த அவைக்கு வந்தபோது அவர் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். ‘மே’ என்றால் ‘பயன்படுத்தாமலும் இருக்கலாம்’ என்று நாளைக்கு ஒருவர் பொருள் சொல்ல முடியும், எனவே ‘ஷல்’ என்று மாற்றுங்கள் என்பது அவருடைய வாதம். இந்த இடத்தில் ‘மே’ என்பதும் ‘ஷல்’ என்ற பொருளையே தரும் என்பது அரசுத் தரப்பின் பதில். இரண்டும் ஒன்றுதான் என்றால் ‘ஷல்’ என்றே போட்டுவிட வேண்டியதுதானே என்பது எதிர்க்கேள்வி.

சொல் மாறவில்லை. 1963 மே 10 அன்று ஜனாதிபதியின் ஒப்புதலுடன் ‘மே’ என்ற சொல்லோடே சட்டம் வந்துவிட்டது.

நேருவின் பக்கமும் ஒரு நியாயம்

நேரு பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அவருடைய தரப்பு சொன்னதை வெறும் சமாளிப்பு என்று தள்ளிவிட முடியாது. சட்டத்தில் ‘மே’ என்ற சொல் சில இடங்களில் ‘ஷல்’ என்ற பொருளைத் தரும் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கொள்கை. அதே 1963-ம் ஆண்டில், உத்தரப்பிரதேச அரசுக்கும் ஜோகேந்திர சிங் என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. ‘மே’ பொதுவாகக் கட்டாயத்தைக் குறிக்காது, ஆனால் இடத்தைப் பொறுத்து ‘கட்டாயம்’ என்ற பொருளையும் அது தரக்கூடும் என்பது அதன் சாரம்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1957-ல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், அரசமைப்புச் சட்டத்தின் 320-வது பிரிவில் வரும் ஒரு ‘ஷல்’ கட்டாயமில்லை, வழிகாட்டுதல்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, ‘மே’ சில சமயம் ‘ஷல்’ ஆகும், ‘ஷல்’ சில சமயம் ‘மே’ ஆகும். இதைக் கேட்டால் நேருவின் வாதம் வலுப்பெறுவதுபோலத் தோன்றும். உண்மையில் இது அண்ணாவின் கவலைக்குத்தான் வலு சேர்க்கிறது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று நாளைக்கு வேறொருவர்தான் முடிவு செய்வார் என்றால், இன்றைக்கே சந்தேகம் வராத சொல்லைப் போட்டுவைப்பதுதானே பாதுகாப்பு? வாக்குறுதி கொடுத்தவர் நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவர் காகிதத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார். 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். காகிதத்தில் இருந்தது ‘மே’ மட்டும்தான்.

1965-ல் நடந்தது

1965 ஜனவரி நெருங்க நெருங்க தமிழகம் கொதித்தது. கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். குடியரசு தினமான ஜனவரி 26-ஐ துக்க நாளாக தி.மு.க. அறிவித்தது. அன்றும் மறுநாளும் சென்னையில் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளித்து மாண்டார்கள். ஓர் ஆண்டுக்கு முன்பே, 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்திருந்தார்.

விக்கிரவாண்டி, விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் தனி மாவட்டமாக ஆனது 1993-ல்தான். அதே தென்னார்க்காட்டில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் 1965 ஜனவரி 27 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார். அவருடைய சிலை பல்கலைக்கழகத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது.

பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவியை ராஜினாமா செய்தார்கள். அன்று இரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசினார். நேருவின் வாக்குறுதிகள் காப்பாற்றப்படும் என்றார்.

இத்தனையும் ஒரே ஒரு சொல்லால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. மொழி, வேலைவாய்ப்பு, மாநில உரிமை என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால், அந்த அச்சங்கள் எல்லாம் வந்து நின்ற இடம் அந்த ‘மே’தான்.

கடைசியில் வந்தது ‘ஷல்’

1967-ல் தமிழகத்தில் ஆட்சி மாறி அண்ணா முதல்வரானார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிகள் சட்டத்தைத் திருத்தியது. 1968 ஜனவரி 8 அன்று ஒப்புதல் கிடைத்தது.

அந்தத் திருத்தம் சுவாரஸ்யமானது. மூன்றாவது பிரிவின் தொடக்கத்தில் இருந்த ‘மே’ இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அதை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அதைச் சுற்றி ‘ஷல்’களால் வேலி போட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துடன் ஒன்றிய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று ஒரு ‘ஷல்’. தீர்மானங்கள், பொது ஆணைகள், அறிவிக்கைகள் போன்றவற்றில் இந்தி, ஆங்கிலம் இரண்டும் இருக்க வேண்டும் என்று இன்னொரு ‘ஷல்’.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பூட்டு. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும், ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும் வரை இந்த ஏற்பாடுகள் நீடிக்க வேண்டும். அதாவது, அப்படிப்பட்ட ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் பூட்டு திறக்காது.

1976-ல் வந்த ஆட்சிமொழி விதிகளில் இன்னொரு விசேஷம் உண்டு. இந்த விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும், தமிழ்நாடு நீங்கலாக என்று அதன் முதல் விதியே சொல்கிறது. அங்கேயும் ‘ஷல்’தான்.

நம் வீட்டுக் காகிதங்களில் ‘மே’

சரி, இது நாட்டு விஷயம். நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். அண்ணா கேட்ட அதே கேள்வியை நாம் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு காகிதத்திலும் கேட்கலாம். வழி ரொம்ப எளிது. ‘மே’ வரும் இடத்தில் எல்லாம் அதற்குப் பின்னால் ‘ஆர் மே நாட்’ என்று நீங்களே சேர்த்துப் படியுங்கள். தமிழில் என்றால், ‘லாம்’ வரும் இடத்தில் ‘இல்லாமலும் போகலாம்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் படிக்கும்போது உங்களுக்கு நஷ்டம் வருகிறதா என்று பாருங்கள்.

*வாடகை ஒப்பந்தம்:* ‘வீடு காலி செய்த 30 நாளில் உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பித் தரலாம்’ என்று இருந்தால், தராமலும் இருக்கலாம். உங்கள் வாடகைக்கு ‘ஷல் பே’, அவருடைய அட்வான்ஸுக்கு ‘மே ரிட்டர்ன்’ என்று இருந்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

*வேலை உத்தரவு:* ‘ஓர் ஆண்டுக்குப் பிறகு பணி நிரந்தரம் செய்யப்படலாம்’ என்பது வாக்குறுதி இல்லை. ‘செய்யப்படும்’ என்று இருந்தால்தான் கேட்க முடியும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சம்பள எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த வரியையும் படிக்கச் சொல்லுங்கள்.

*வாரன்டி அட்டை:* ‘பழுதான பாகத்தை நிறுவனம் மாற்றித் தரலாம்’ என்றால் முடிவு நிறுவனத்தின் கையில். ‘மாற்றித் தரும்’ என்றால் அது உங்கள் உரிமை.

*கல்லூரிக் கையேடு:* ‘இடத்தை ரத்து செய்தால் கட்டணம் திருப்பித் தரப்படலாம்’, ‘வேலைவாய்ப்பு ஏற்பாடு செய்யப்படலாம்’ என்ற வரிகளுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

*செல்போன் ஆப்:* ‘உங்கள் விவரங்களைப் பிறருடன் பகிரலாம்’ என்று நிபந்தனைகளில் இருக்கும். இங்கே மட்டும் கணக்கு தலைகீழ். நிறுவனம் தனக்குத்தானே அனுமதி வாங்கிக்கொள்ளும் ‘மே’ இது. அனுமதி வாங்கியவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, பொதுவான விதி ஒன்று உண்டு. உங்களுக்கு வர வேண்டியதைச் சொல்லும் வரியில் ‘மே’ இருந்தால் எச்சரிக்கை. உங்கள் கடமையைச் சொல்லும் வரியில் ‘ஷல்’ இருந்தால் அதைத் தட்ட முடியாது. மற்றவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லும் வரியில் ‘மே’ இருந்தால், அது நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அறிவிப்புகளையும் இப்படிப் படிக்கலாம். ‘தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்பது உங்கள் விருப்பம். அடுத்த வரியில் ‘சான்றிதழ் நகல்களை இணைக்க வேண்டும்’ என்று இருந்தால் அது கட்டாயம். முதல் வரியைப் படித்த வேகத்தில் இரண்டாவது வரியை விட்டுவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-ல் எளிய நடையில் திருத்தி எழுதியபோது, ‘ஷல்’ என்ற சொல்லை விலக்கினார்கள். கட்டாயம் என்றால் ‘மஸ்ட்’, விருப்பம் என்றால் ‘மே’ என்று பிரித்துப் போட்டார்கள். படிப்பவருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதுதான் நோக்கம்.

ஆங்கிலம் சரளமாகப் பேச வரவில்லையே என்று தயங்குபவர்கள் நம்மில் நிறைய. பேச்சில் ‘மே’யும் ‘ஷல்’லும் இடம் மாறினால் யாருக்கும் நஷ்டம் இல்லை, எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். காகிதத்தில் மாறினால்தான் ஆபத்து. அதனால் எதிரில் இருப்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், எவ்வளவு இனிமையாக “அதெல்லாம் கண்டிப்பா தந்துடுவோம்” என்று வாயால் சொன்னாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: “கண்டிப்பா தருவீங்கன்னா, இந்த ‘மே’யை ‘ஷல்’னு மாத்தி எழுதித் தந்துடுங்களேன்.”

அதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.